பத்து விரல் பாய்

வடசென்னை மரப் பட்டறைகளில் ஆள் எடுக்கும்போது சான்றிதழ் கேட்கிற பழக்கம் இல்லை. கையை நீட்டச் சொல்வார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இதுதான் நேர்முகத் தேர்வு. ரம்ப மெஷினில் நின்றவன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு விரலாவது குறைந்திருக்க வேண்டும். ஒன்று போனவன் தொழில் பழகியவன். இரண்டு போனவன் அனுபவசாலி. மூன்று போனவனைப் பக்கத்துப் பட்டறைக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்று முதலாளிக்குத் தூக்கம் வராது.

சௌக்கத் அலிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருடம் ரம்பத்தின் முன்னால் போனது. அவருடைய போறாத காலம், பத்து விரலும் அப்படியே இருந்தன.

தண்டையார்ப்பேட்டையில் அவர் வேலை பார்த்த பட்டறையை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் தொடங்கியதும், மெட்ரோ பிடித்து விம்கோ நகரில் வந்து இறங்கினார். அங்கே சங்கரநாராயணன் புதிதாகப் பட்டறை போட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வண்ணாரப்பேட்டையில் பிளைவுட் கடை வைத்துத் தழைத்தவர். பலகை விற்பதைவிட அதை அறுத்து அலமாரியாக்கி விற்றால் லாபம் என்று கண்டுபிடித்திருந்தார். மரம் தெரியாது, மெஷின் தெரியாது, ஆனால் ஆள் எடுக்கத் தெரியும்.

"கையக் கொஞ்சம் காட்டும், பாய்."

சௌக்கத் காட்டினார். முதலாளி ரேகை பார்ப்பதுபோல முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எத்தன வருசமா மிஷின்ல நிக்கீரு?"

"முப்பது வருசம் ஆவுது சார்."

"முப்பது வருசத்துல ஒரு நகங்கூடப் போவலியே. மிஷின்ல நின்னீரா, இல்ல மிஷினுக்குப் பக்கத்துல நின்னீரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சௌக்கத்துக்கு வாயை அடக்கத் தெரியாது. அந்தக் குறையால் அவருக்கு ஏற்கனவே இரண்டு மூன்று வேலை போயிருக்கிறது.

"டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தா, எத்தினி பேர ஏத்திக் கொன்னேன்னு கேப்பீங்களா சார்?"

"வாயி நல்லாத்தான் வேல செய்யுது" என்றார் முதலாளி. வேலை கொடுத்தார். ஆனால் ரம்பத்தில் இல்லை. மூலையில் உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கிற இடத்தில்.

ரம்ப மெஷினுக்குத் தலைவன் பென்னி. ராயபுரத்துக்காரன், நாற்பது வயது, நல்ல உடம்பு. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றுவிட்டது. ஆக மொத்தம் ஏழரை. பட்டறையில் அவனுக்கு அதுவே பெயர். "ஏழரையைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பாதி விரலைப் பட்டாளத்துக்காரன் பதக்கத்தைக் காட்டுவதுபோல எல்லோருக்கும் காட்டுவான். சௌக்கத்துக்கு "பத்து விரல் பாய்" என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அந்தப் பெயரை அவன் உச்சரிக்கும் விதத்தில், பத்தாவது படிக்காதவன் என்று சொல்வதுபோல ஓர் இளப்பம் இருக்கும்.

"பாய், உன் வெரல்லாம் இன்னா, பீரோல வெச்சிப் பூட்டிகினு வர்றியா?"

"பயம்தான் நைனா எனக்குப் பதினொண்ணாவது வெரலு. அது கீறதால மிச்சப் பத்தும் கீது."

அவர் சொன்னது உண்மை. சௌக்கத் வீரர் இல்லை. ரம்பம் சுழலத் தொடங்கும்போது இன்றைக்கும் அவர் கால் ஓர் அடி பின்னால் போகும். அந்தப் பயத்திலிருந்துதான் அவருடைய சட்டங்கள் எல்லாம் பிறந்தன. கேட்க ஆள் கிடைத்தால் மணிக்கணக்கில் சொல்வார். அவர் தொடங்கியதும் பலருக்குக் கழிப்பறை ஞாபகம் வந்துவிடும்.

பிளேடு பலகைக்கு மேலே ஒரு பல் தெரிகிற அளவுக்குத்தான் நிற்க வேண்டும் என்பார். ஒரு சாண் உயர்த்தி வைப்பது யாருக்கு வேடிக்கை காட்ட? ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காதே, ஒரு பக்கமாக நில். பலகை திருப்பி உதைத்தால் அது போகிற வழியில் உன் வயிறு இருக்கக் கூடாது. கடைசிச் சாண் பலகையைக் கையால் தள்ளாதே. தள்ளுவதற்கு ஒரு கட்டை வைத்துக்கொள், கட்டை போனால் வேறு கட்டை வெட்டலாம். மழுங்கிய பிளேடு பாதுகாப்பு என்று நினைக்கிறவன் முட்டாள். மழுங்கினால் நீ அழுத்துவாய், அழுத்தினால் சறுக்குவாய். கையுறை போடாதே. ரம்பம் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். மணிக்கட்டில் கயிறு கட்டாதே, எந்தச் சாமி கயிறானாலும் சரி.

இந்தக் கடைசிச் சட்டத்தால் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. தர்காவில் ஓதி வாங்கிய தாயத்தை மனைவி ஜஹானாரா அவர் கையில் கட்ட வந்தபோது, அவர் அதை வாங்கி ஸ்கூட்டர் கைப்பிடியில் கட்டிவிட்டார்.

"உங்களுக்குத்தானே ஓதி வாங்கினு வந்தேன்?"

"வண்டிக்கு வெரல் கெடையாது. அது கட்டிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற மனிதர்தான். ஆனால் தொழுகை வேறு, மெஷின் வேறு என்பது அவர் கட்சி. மின்சார மோட்டாருக்குத் துவா கேட்காது, ஸ்விட்ச் மட்டும்தான் கேட்கும் என்பார்.

முதலாளி புது ரம்ப மெஷின் வாங்கியபோது கதை தொடங்கியது. வார்ப்பிரும்பு மேஜை, பெரிய மோட்டார், மேஜையின் முன்பக்கம் அவசரத்துக்கு அடித்து நிறுத்தச் சிவப்புப் பொத்தான். ஆனால் எல்லோர் கண்ணும் கைக்குக் காவலாக வந்த 'கார்டின்' மேல்தான் விழுந்தது. பிளேடின் மேல் கவிழ்ந்து நிற்கும் ஒளி ஊடுருவும் மூடி. அதோடு ஒட்டி, பிளேடுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் ஒரு தகடு. அறுபட்ட பலகை சில நேரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கவ்வினால் பிளேடு அந்தப் பலகையை நம் மேலேயே எறியும். தகடு நடுவில் நின்றால் பலகை மூடிக்கொள்ள வழியில்லை. சிவப்பு விளிம்பும் வெள்ளித் தகடுமாக, படம் எடுத்த நாகம் மாதிரி அந்தக் கார்டு பளபளத்தது.

பென்னி முதல் வேலையாக நாலு போல்ட்டையும் கழற்றி அதை எடுத்துவிட்டான்.

"அறுக்கற கோடு தெரியல. இது இன்னாத்துக்கு நடுவுல?"

தூக்கிப் போட மனம் வராமல் முதலாளி அதைச் சுவரில், சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தவர், சுவரில் நாகம் மாதிரி நின்றதற்குச் சந்தனத்தை அள்ளியே பூசிவிட்டார். மாலை போட்டார். விழுந்து கும்பிட்டார். அன்றோடு அது கார்டாக இருப்பது முடிந்தது. காலையில் பட்டறை திறந்ததும் அதற்கு ஊதுபத்தி காட்டத் தொடங்கினார்கள்.

கீழே ரம்பம் வெறும் பல்லோடு சுழன்றது. அதற்கும் காவல் இல்லாமல் இல்லை. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட ஒரு மேடான இடம் தேடினார்கள். சிவப்புப் பொத்தான் வாகாக இருந்தது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவகிருபை மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், பக்தியானவள். அவள் தன் பங்குக்கு ஒரு வேத வசன ஸ்டிக்கரை மேஜையில் ஒட்டினாள். பலகை இறக்க வரும் சௌக்கத்தின் சொந்தக்காரன் ஒருவன் பிறைநிலாப் படம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான். மூன்று மதமும் சேர்ந்து பாதுகாத்த அந்த மெஷினில் பாதுகாப்புக்கென்று செய்த பொருள் மட்டும் சுவரில் சாமியாகத் தொங்கியது.

சௌக்கத்துக்கு இது பொறுக்கவில்லை. அவர் உப்புத்தாள் தேய்க்கும் மூலையிலிருந்து பார்த்தால் பென்னியின் இடது கையும் பிளேடும் ஒரே நேர்கோட்டில் தெரியும். நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே தேய்த்தார். அந்தக் கார்டைச் சுவரிலிருந்து இறக்கி மெஷினில் மாட்டிவிட வேண்டும். பென்னியைப் பிடிக்காது என்பது வேறு விஷயம். பிடிக்காதவனுக்கும் விரல் விரல்தானே.

முதலாளியிடம் போனார்.

"சார், நாலு போல்ட்டு. எறக்கி மாட்டிட்டா முடிஞ்சிபோச்சி."

"பூச வாங்குன பொருள எறக்கக் கூடாது பாய். தோஷம்."

"அது பூச பண்றதுக்குச் செஞ்சது இல்ல சார். கம்பெனிக்காரன் மெஷினோட குடுத்தது."

"சாமி எதுல வேணாலும் வரும்வே. ஒமக்கு நம்பிக்க இல்லன்னா வெலகி நில்லும்."

பென்னி ரம்பத்தை அணைத்துவிட்டுக் கேட்டான். "இன்னா பாய், என் மேல இம்மாம் பாசம்? எனக்குப் போறதுக்கு இன்னும் ஏழர கீது, கவலப்படாத!"

சிரிப்பு. சௌக்கத் மூலைக்குத் திரும்பினார்.

அந்தப் பட்டறையில் புது மரம் அதிகம் வாங்குவதில்லை. துறைமுகத்தில் சரக்கு இறங்கியதும் உடைத்துப் போடும் பெட்டிகளின் பைன் பலகைகள் லாரியில் வரும். நல்ல மரம், மலிவு. ஆனால் உள்ளே ஆணி முறிந்து கிடக்கும், மேலே தெரியாது. பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி, அறுப்பதற்கு முன்னால் பலகை மேல் மெதுவாக இழுத்துப் பார்ப்பது சௌக்கத்தின் வழக்கம். ஆணி இருந்தால் காந்தம் நின்றுவிடும். ரம்பத்தில் நிற்பவன் பார்க்க வேண்டிய வேலை அது. தேய்க்கிற மூலைக்காரர் காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தால் பென்னிக்குக் கௌரவக் குறைச்சல்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முந்தின பரபரப்பில், நீளமான பைன் பலகை ஒன்று ஆணியோடு ரம்பத்துக்குள் போனது. பிளேடு அலறியது. பலகை பின்னால் மூடிக் கவ்வி, துள்ளித் திரும்பியது. அதைப் பிடித்திருந்த இடது கையையும் கூட இழுத்தது. பென்னி வலது கையால் பொத்தானை அடிக்கப் பாய்ந்தான். அவன் பிடியில் வந்தது எலுமிச்சம்பழம். அதைப் பிழிந்துகொண்டு அவன் கத்த, ரம்பம் சுற்றிக்கொண்டே இருந்தது. சௌக்கத் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

பாதியாக இருந்த ஆள்காட்டி விரல் இப்போது இல்லவே இல்லை.

சுத்தமான துண்டால் இறுக்கிக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்தபடி சௌக்கத் அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க எதுவும் பேசவில்லை. பேசாமல் அவர் இருந்ததில் பென்னிதான் பயந்துபோனான்.

"இன்னா பாய், பேச மாட்டேன்ற? செத்துக்கித்துப் போயிடுவேனா?"

"சாவ மாட்ட. கையத் தூக்கிப் புடி."

"ஏழர போச்சி மாமு" என்றான் பென்னி, வலியோடு சிரிக்கப் பார்த்தபடி. "இனிமே வெறும் ஏழுதான். சனி வுட்டுது."

பட்டறையில் அன்று மாலை ஆராய்ச்சி நடந்தது. போன அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்க மறந்ததுதான் காரணம் என்று ஒருவர் சொன்னார். எலுமிச்சம்பழம் பழசாகிவிட்டது என்றார் இன்னொருவர். பழம் புதிதாக, இன்னும் பெரிதாக இருந்திருந்தால் பொத்தானை இன்னும் நன்றாக மறைத்திருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. முதலாளி யோசித்துவிட்டு வாஸ்து நிபுணரை வரவழைத்தார்.

நிபுணர் வெள்ளைக் காரில் வந்தார். பட்டறை முழுவதும் நடந்தார். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து ரம்ப மெஷினின் இரும்பு மேஜை மேல் வைத்தார். முள் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, நடுங்கியது.

"பாத்தீங்களா? சக்தி எப்படிக் கொந்தளிக்குதுன்னு!"

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், அது இரும்பு மேஜ..." என்று சௌக்கத் தொடங்கினார். கட்டுப்போட்ட கையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த பென்னி, அவர் காலை ஓங்கி மிதித்தான்.

"இந்த மெஷின் தெற்கப் பாத்து நிக்குது. எமன் திசை. கிழக்கே திருப்பணும்."

தரையை உடைத்து, காங்கிரீட் அடித்தளம் புதிதாகப் போட்டு, மின்சாரக் குழாயை மாற்றித்தான் அதைத் திருப்ப முடியும். பட்டறை பல நாள் மூடிக் கிடக்கும். முதலாளி ஒரு கணம்கூடத் தயங்காமல் தலையாட்டினார். நாலு போல்ட்டுக்குத் தயங்கிய அதே தலை.

சௌக்கத்தின் காது சிவந்தது. இன்றைக்கு வேலை போனாலும் சரி, இரும்பு என்றால் என்ன, காந்தம் என்றால் என்ன என்று இந்த ஆளுக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். மூச்சை இழுத்தார். அதற்குள் நிபுணர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"இன்னொரு முக்கியமான விஷயம். பூஜைல இருக்கற எந்தப் பொருளும் அங்கஹீனமா இருக்கக் கூடாது. மூளியான விக்கிரகத்துக்குப் பூஜை பண்ணுவாங்களா? மெஷினும் அப்படித்தான். அதோட ஒரு உறுப்பு குறைஞ்சாக்கூட முதலாளி குடும்பத்துக்கு ஆகாது."

இதைச் சுற்றி நின்று கேட்டவர்களைச் சௌக்கத் பார்த்தார். பென்னியின் கட்டுப்போட்ட கை. இழைப்பு மெஷின்காரருக்குக் கட்டைவிரல் நுனி இல்லை. பலகை அடுக்குகிறவருக்கு இரண்டு விரல் மடங்காது. எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மெஷினுக்கு ஓர் உறுப்பு குறையக் கூடாது என்பது அவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

அவர் வாயில் இரண்டு பேச்சு வந்து நின்றது. ஒன்று, முப்பது வருடமாகச் சேர்ந்த கோபம். சொன்னால் நெஞ்சு ஆறும், கார்டு சுவரிலேயே இருக்கும். இன்னொன்று, ஒரு சின்னச் சந்தேகம். அதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதைக் கேட்பதற்கு அவருக்குக் கூசியது. பென்னியின் கையை இன்னொரு முறை பார்த்தார்.

"சார், ஒரு சந்தேகம். இந்த மெஷினோட உறுப்பு ஒண்ணு அந்தச் செவுத்துல தொங்கிகினு கீது. அத்தனால ஒண்ணும் இல்லியே?"

நிபுணர் திரும்பி, மாலை போட்ட கார்டைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் குழப்பமும், அடுத்துக் கணக்கும், கடைசியில் ஞானமும் வந்தன.

"இது இந்த மெஷினோடதா? யாரு சார் பிரிச்சது? உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்! ரத்தம் கேக்காம என்ன பண்ணும்?"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "பூச வாங்குனத எறக்கலாமா சாமி?"

"சேக்கறதுக்காக எறக்கலாம். பரிகாரம் இருக்கு."

மெஷின் கிழக்கே திரும்பிய அன்று நிபுணர் முன்னிலையில் பரிகாரம் நடந்தது. கைபேசியில் நாதஸ்வரம் வாசித்தது. கற்பூரம் காட்டி, கார்டைத் தாம்பாளத்தில் வைத்து, சுவரிலிருந்து மெஷின் வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். தேவகிருபை மேஜை இழுப்பறையிலிருந்து நாலு போல்ட்டையும் ஒரு துணிப் பொட்டலத்தில் எடுத்து வந்தாள்.

"தூரக் களையாம கெட்டி வெச்சிருந்தேன் பாய். என்னைக்காவது வேணும்னு தோணிச்சு."

அந்தப் பட்டறையில் மெஷினுக்காக யாரோ செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று சௌக்கத்துக்குத் தோன்றியது.

மாட்டுவதற்கு முன்னால் அவர் ஈரத்துணியை எடுத்து மூடியைத் துடைக்கப் போனார். சந்தனம் அப்பிக் கிடந்தது, உள்ளே ஒன்றும் தெரியாது.

"சந்தனத்தத் தொடைக்காதியும்!" என்று முதலாளி பாய்ந்தார்.

சௌக்கத் இந்த வித்தையில் கொஞ்சம் தேறிவிட்டிருந்தார். முதலாளிக்குப் பதில் சொல்லாமல் நிபுணர் பக்கம் திரும்பினார். "சாமிக்குக் கண்ண மறைக்கலாமா சார்?"

"கூடாது, கூடாது. ஓரத்துல ஒரு பொட்டு போதும்."

"எலுமிச்சம்பழத்துக்கு எந்தத் தெச நல்லது சார்?"

"வாசல்."

பழம் வாசலுக்குப் போனது. சிவப்புப் பொத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சௌக்கத் போல்ட்டுகளை இறுக்கினார். முதலாளி அவரை வலது காலை முன்னால் வைத்து நிற்கச் சொன்னார். நின்றார்.

அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நடந்ததைக் கேட்ட ஜஹானாரா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தாயத்தக் கட்டிக்க மாட்டேன்னுட்டு, நீங்களே ஓதிக் குடுக்குற பெரிய ஹஜ்ரத்தா ஆயிட்டீங்களா?"

"இன்னா பண்றது ஜஹானாரா? நாலு போல்ட்டுன்னு சொன்னேன், ஒருத்தன் கேக்கல. சாமிக்குக் கண்ணுன்னு சொன்னேன், ஒடனே கேட்டானுங்கோ."

"கேட்டாங்கல்ல? வுடுங்க."

அவரால் விட முடியவில்லை. சரியான காரியம் நடந்துவிட்டது. காரணம்தான் முழுக்க முழுக்கப் பொய். நாளைக்கு இன்னொரு நிபுணர் வந்து வேறு ஒன்று சொன்னால், கார்டு மறுபடியும் சுவருக்குப் போகும். மனிதனுடைய விரல் போகும் என்றால் அசையாதவர்கள், மெஷினுக்கு ஊனம் என்றதும் தரையையே உடைத்தார்கள். அதை நினைத்தபடி அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

கை ஆறி பென்னி வேலைக்குத் திரும்பினான். ஏழு விரலோடு வந்தவனுக்கு மதிப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. சௌக்கத்தின் காந்தத்தை எடுத்துப் பலகை மேல் இழுக்கத் தொடங்கினான். யாராவது பார்த்தால் சட்டென்று பைக்குள் போட்டுக்கொள்வான்.

கொஞ்ச நாள் கழித்து, முடிச்சு விழுந்த பலகை ஒன்றை அறுக்கும்போது மறுபடியும் உதைத்தது. பின்னால் நின்ற தகடு பலகையை மூடவிடவில்லை, பலகை லேசாகத் துள்ளியதோடு சரி. பென்னியின் கை சறுக்கி முன்னால் போய் மூடியின் மேல் 'பட்' என்று மோதி நின்றது. அவன் மெஷினை நிறுத்திவிட்டு நெடுநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏழும் இருந்தன.

"கெழக்கு!" என்று முதலாளி ஆனந்தத்தில் கத்தினார். "பாத்தியளா? எல்லாம் கெழக்கு! அவரு சொன்னாரு பாத்தீரா!" பூசணிக்காய் வாங்க ஆள் ஓடியது.

செய்தி எண்ணூர் நெடுஞ்சாலை முழுவதும் பரவியது. திருவொற்றியூரில் ஒரு பட்டறை, அதைப் பார்த்து இன்னொன்று, தரையை உடைத்து ரம்பத்தைக் கிழக்கே திருப்பின. கார்டைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலாளி சொன்ன கதையில் கார்டு வரவே இல்லை. அதில் ஒரு பட்டறையில், உதிக்கும் சூரியனைப் பார்த்தபடி ஒருவருக்குக் கட்டைவிரல் போனது. திசையில் ஒரு டிகிரி பிசகிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள்.

டீக்கடையில் பென்னி தானாகவே வந்து சௌக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமு, எண்ணூர்ல என் மச்சான் பட்டற வெச்சிகீறான். அவனும் மெஷினத் திருப்பறேன்னு நிக்கிறான். நீ ஒரு தபா வந்து பாரேன்."

"நான் வாஸ்துக்காரனா?"

"அய்ய, நான் அத்துக்குக் கூப்பிடல. ஸ்பேனர எட்த்துகினு வா."

ஞாயிற்றுக்கிழமை பென்னியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சௌக்கத் போனார். சாம்பல் படிந்த கூரை, சின்னப் பட்டறை. பென்னியின் மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"கைய நீட்டு பாய்."

சௌக்கத் நீட்டினார். பத்தையும் பார்த்ததும் மச்சானின் உதடு பிதுங்கியது. "இன்னா மாமா, பெரிய மேஸ்திரின்னு சொன்ன? மெஷினே தொடாதவன இட்டாந்துகீற."

பென்னி முன்னால் வந்தான். சௌக்கத்தின் கைக்குப் பக்கத்தில் தன் இடது கையையும் நீட்டினான். முன்பெல்லாம் பதக்கம்போலக் காட்டிய கை. இப்போது அப்படி இல்லை.

"ரெண்டையும் பாத்துக்கோ மச்சான். உனக்கு எது வோணும்னு நீயே சொல்லு."

மச்சான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"சரி பாய். கெழக்கு எந்தப் பக்கம், அத்தச் சொல்லு."

"கெழக்கு கெடக்கட்டும் நைனா" என்றார் சௌக்கத். "மெஷினோட ஒரு மூடி குட்த்திருப்பானே, சிவப்பா. அது எங்க?"

மச்சான் பெருமையோடு நிமிர்ந்து சுவரைக் காட்டினான். அங்கே வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே, சீரியல் பல்புகள் மின்ன, அது தொங்கிக்கொண்டிருந்தது.